விழிப்பின் முதல் நிமிடம்: கனவை நினைவில் நிறுத்த முடியுமா?

1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேரி விட்டன் கால்கின்ஸ் என்ற இளம் உளவியலாளர், இரவு படுக்கப் போகுமுன் தாள், பென்சில், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். அலாரக் கடிகாரம் இரவின் வெவ்வேறு நேரங்களில் அவரை எழுப்பும். எழுந்த கணமே, அதுவரை கண்டுகொண்டிருந்த கனவை எழுதிவைப்பார். 55 இரவுகளில் 205 கனவுகள் சேர்ந்தன. அவருக்கு வழிகாட்டிய எட்மண்ட் சான்ஃபோர்டும் இதே முறையில் 46 இரவுகளில் 170 கனவுகளைப் பதிவு செய்தார். இந்த 375 கனவுகளையும் அலசிக் கால்கின்ஸ் 1893-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கனவை எண்ணிக்கையாகவும் நேரவரிசையாகவும் ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

அந்தக் கட்டுரையில் ஒரு நுட்பமான கவனிப்பு இருக்கிறது. தாளை எடுக்கக் கையை நீட்டுவதும் மெழுகுவத்தியை ஏற்றுவதும்கூடச் சில நேரம் கனவைக் கலைத்துவிடுகின்றன என்கிறார் கால்கின்ஸ். சுவையான எதையோ கண்டோம் என்ற உணர்வு மட்டும் எஞ்சுகிறது. கண்டது என்ன என்பது துளியும் நினைவில் இருப்பதில்லை. காலையில் கண் விழிக்கும் எவருக்கும் பழக்கமான அனுபவம்தான் இது. ஆனால் கனவு நினைவு பற்றி அடுத்த நூறாண்டுக்கும் மேலாக நடந்த ஆய்வுகளின் சாரம் இந்தக் கவனிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

தூங்கப் போகுமுன் சில பழக்கங்களைக் கைக்கொண்டால் கனவுகள் கூடுதலாக நினைவில் நிற்குமா? இதற்கு விடையாகப் பலரும் பல வழிகளைச் சொல்கிறார்கள்: பால் குடி, வைட்டமின் சாப்பிடு, தலைமாட்டில் நோட்டு வை, நினைவில் நிற்க வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு தூங்கு. இவற்றில் சிலவற்றுக்கு ஆய்வுச் சான்று உண்டு, சிலவற்றுக்கு இல்லை. சான்றுள்ளவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு பொது இழை தெரிகிறது. கனவு நினைவு பெரும்பாலும் தீர்மானமாவது விழித்த முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில்தான். போதிய தூக்கத்தைத் தந்து, அந்த நிமிடங்களுக்கு நம்மைத் தயார்செய்யும் இரவுப் பழக்கம் பலன் தருகிறது. மற்றவை அநேகமாக வீண், சில தீங்கானவையும்கூட.

கனவே காணாதவர் உண்டா?

"எனக்குக் கனவே வருவதில்லை" என்று உறுதியாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கனவு காண்பதில்லையா, கண்டதை மறந்துவிடுகிறார்களா என்ற கேள்வி நெடுங்காலம் விடையில்லாமல் இருந்தது. கனவைப் பற்றி நமக்கிருக்கும் ஒரே சாட்சி, விழித்தபின் ஒருவர் சொல்லும் வாய்மொழிதான். மறந்தவரிடம் அந்தச் சாட்சியும் இல்லை.

பாரிஸின் பித்தியே-சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இசபெல் ஆர்னுல்ஃபின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. கனவு நிலையில் சாதாரணமாக நம் தசைகள் செயலிழந்து கிடக்கும்; அதனால்தான் கனவில் ஓடினாலும் படுக்கையில் அசைவதில்லை. ஒரு வகை நோயில் இந்தத் தடை தளர்ந்துவிடுகிறது. நோயாளி தூக்கத்திலேயே பேசுவார், கையை ஓங்குவார், யாரையோ எதிர்த்துப் போராடுவார். இந்த நோயுள்ள 289 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் எட்டுப் பேர் பத்தாண்டுக்கும் மேலாகக் கனவே கண்டதில்லை என்றார்கள். சிலர் வாழ்நாளிலேயே கண்டதில்லை என்றார்கள். ஆனால் இரவில் எடுத்த காணொளிகளில், மற்ற நோயாளிகளைப் போலவே அவர்களும் சண்டையிட்டார்கள், வாதாடினார்கள். எழுப்பிக் கேட்டால் எதுவுமே நினைவில்லை என்றார்கள். கனவு நடக்கிறது, நினைவு மட்டும் பதியவில்லை என்று கருத இது வலுவான சான்று. ஆகவே "கனவு வருவதில்லை" என்று சொல்பவர்களில் மிகப் பெரும்பாலோரின் சிக்கல் மறதிதான் என்று கொள்ளலாம்.

இரவின் அமைப்பு

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் ஒரு தூக்கக் கட்டத்தைக் கண்டறிந்தார்கள். ரெம் தூக்கம் என்று இன்று அது அழைக்கப்படுகிறது. 1957-இல் வில்லியம் டெமெண்ட்டும் கிளைட்மனும் வெளியிட்ட ஆய்வில், ரெம் கட்டத்தில் 191 முறை எழுப்பியபோது 152 முறை கனவு நினைவிருந்தது. மற்றக் கட்டங்களில் 160 முறை எழுப்பியதில் 11 முறை மட்டுமே. கனவு என்றால் ரெம் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

1962-இல் டேவிட் ஃபோக்ஸ் கேள்வியை மாற்றிக் கேட்டார். "கனவு கண்டாயா?" என்பதற்குப் பதில் "இப்போது மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" என்று கேட்டதும், மற்றக் கட்டங்களிலிருந்தும் ஏராளமான விடைகள் வந்தன. அதுவரை வெளியான ஆய்வுகளை 2000-ஆம் ஆண்டில் தொகுத்த மாண்ட்ரியல் ஆய்வாளர் டோர் நீல்சன், ரெம் கட்டத்தில் எழுப்பினால் சுமார் 82 சதவீதமும், பிற கட்டங்களில் எழுப்பினால் சுமார் 43 சதவீதமும் ஏதோவொரு மனநிகழ்வு நினைவில் இருப்பதாகக் கணக்கிட்டார். இரவு முழுவதும் மனம் ஏறத்தாழ இயங்கிக்கொண்டேயிருக்கிறது. ரெம் கட்டத்தில் வருவது நீளமாகவும் கதைபோலவும் காட்சிச் செறிவோடும் இருப்பதால் எளிதில் பிடிபடுகிறது.

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நகர்கிறது. முதல் சுற்றில் ரெம் சில நிமிடங்களே நீடிக்கும். சுற்று ஏற ஏற அது நீளும். விடியலை ஒட்டிய ரெம் கட்டம் அரை மணியையும் தாண்டலாம். கனவுகளில் பெரும்பங்கு இரவின் பிற்பகுதியில் வருவதைக் கால்கின்ஸும் கணக்கெடுத்துக் காட்டியிருந்தார். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்றும் உண்டு. பொன்னவன் இயற்றியதாகச் சொல்லப்படும் கனாநூல், இரவின் எந்தச் சாமத்தில் கண்ட கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று வகுத்தே சொல்கிறது. கடைசிச் சாமத்துக் கனவுக்குத்தான் விரைவான பலன். பலிப்பதைப் பற்றி அறிவியலுக்குச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் விடியற்காலைக் கனவுக்குத் தனி மதிப்பு ஏன் வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. அந்த நேரத்துக் கனவு நீளமானது, தெளிவானது. அதிலிருந்து நேரே விழிப்புக்கு வருகிறோம். முன்னிரவுக் கனவுகளின் மீது பல மணி நேரத் தூக்கம் படிந்துவிடுகிறது.

இதிலிருந்தே நடைமுறைக்கான முதல் முடிவு கிடைத்துவிடுகிறது. எட்டு மணி நேரம் தேவைப்படும் ஒருவர் ஆறு மணி நேரத்தோடு எழுந்தால், தூக்கத்தில் கால்பங்கைத்தான் இழப்பதாகத் தோன்றும். ரெம் கடைசிப் பகுதியில் குவிந்திருப்பதால், கனவில் இழப்பது அதைவிட மிகுதி.

ஏன் மறக்கிறது?

1900-ஆம் ஆண்டைத் தாங்கி வெளியான "கனவுகளின் விளக்கம்" நூலில் சிக்மண்ட் ஃப்ராய்ட், கனவு மறப்பதற்கு மனத்தின் தணிக்கையே முதன்மைக் காரணம் என்றார். ஒப்புக்கொள்ள விரும்பாத ஆசைகள் கனவில் தலைகாட்டுகின்றன. விழித்ததும் மனம் அவற்றை அமுக்கிவிடுகிறது. இந்த விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கோலோச்சியது. ஆனால் எந்த உறுத்தலும் இல்லாத, சாரமற்ற கனவுகளும் அதே வேகத்தில் மறைந்துபோவதை அதனால் எளிதில் விளக்க முடியவில்லை.

1976-இல் டேவிட் கூலாக்கும் டொனால்ட் குட்இனஃபும் முன்வைத்த விளக்கம் இன்றுவரை ஆய்வுகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. தூங்கும் மூளையில் ஒரு கனவு குறுகிய கால நினைவில் மட்டுமே தங்குகிறது. அது நீண்டகால நினைவுக்கு மாற வேண்டுமானால், கனவு நடந்த சற்றுநேரத்துக்குள் விழிப்பு நேர வேண்டும். இது முதல் படி. விழித்தபின் அதை மீட்டெடுப்பது இரண்டாம் படி. வலுவான, உணர்ச்சி மிகுந்த கனவு எளிதில் மீளும். விழித்ததும் வேறொன்று கவனத்தைப் பறித்தால் சாதாரணக் கனவு போய்விடும்.

முதல் படிக்குத் துணைநிற்கும் சான்று கனவு ஆய்வுக்கு வெளியேயும் உண்டு. 1994-இல் வெளியான ஒரு சோதனையில், தூக்கத்தில் ஆழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு நிமிடத்துக்கொரு முறை சொற்களை ஒலிக்கவிட்டார்கள். தூங்கிப் பத்து நிமிடம் கழித்து எழுப்பிக் கேட்டபோது, தூக்கம் பிடிப்பதற்கு முந்தைய சில நிமிடங்களில் கேட்ட சொற்களே நினைவில்லை. அந்தச் சொற்களை அவர்கள் கேட்டது விழித்திருக்கும்போதுதான். இருந்தும் தூக்கம் வந்து அவற்றை அழித்துவிட்டது. விழித்திருக்கையில் கேட்டதற்கே இந்தக் கதி என்றால், தூக்கத்துக்குள் நிகழ்ந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு உடலியல் காரணங்களும் தெரியவந்துள்ளன. நினைவைப் பதிய உதவும் நோரெபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைத்தண்டு நரம்பணுக்கள், ரெம் கட்டத்தில் ஏறத்தாழ ஓய்ந்துவிடுகின்றன. திட்டமிடலுக்கும் கவனத்தைச் செலுத்துவதற்கும் பொறுப்பான நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதியும் அப்போது அடங்கியிருக்கிறது. 2019-இல் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் செய்த ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. ஹைபோதலமஸில் ரெம் கட்டத்தின்போது செயல்படும் ஒருவகை நரம்பணுக்கள் நினைவு மையமான ஹிப்போகேம்பஸை அடக்குகின்றன. அவற்றை நிறுத்திவைத்தபோது எலிகளின் நினைவு மேம்பட்டது. எலிகளின் கனவைப் பற்றி இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. ஆனாலும் தூங்கும் மூளையில் மறதி முனைந்து நடக்கும் வேலையாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று. நடந்ததையும் கனவில் கண்டதையும் குழப்பிக்கொள்ளாமல் வாழ, அந்த மறதி நமக்குத் தேவையும்கூட.

யாருக்கு அதிகம் நினைவிருக்கிறது?

பிரான்ஸின் லியோன் நகரில் பெரின் ரூபியின் குழு, ஏறத்தாழ நாள்தோறும் கனவு நினைவுள்ளவர்களையும் மாதத்துக்கு ஒன்றிரண்டு மட்டுமே நினைவுள்ளவர்களையும் ஒப்பிட்டது. தூங்குபவர்களின் காதில் அவ்வப்போது அவர்களுடைய பெயரை ஒலிக்கச் செய்து, மூளையின் மின் எதிர்வினையை அளந்தார்கள். கனவு நினைவு மிகுந்தவர்களின் மூளை, தூக்கத்திலும் விழிப்பிலும் ஒலிக்கு வலுவாக எதிர்வினை காட்டியது. இரவில் அவர்கள் விழித்திருந்த மொத்த நேரம் சராசரியாக அரை மணி. மற்றவர்களுக்குக் கால் மணி. விழிப்பு ஒவ்வொன்றும் முன்னவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் நீடித்தது, பின்னவர்களுக்கு ஒரு நிமிடம்தான். காலையில் இந்த விழிப்புகள் பலருக்கு நினைவில்கூட இருக்காது. ஆனால் கனவு ஒன்று நீண்டகால நினைவில் இடம்பிடிக்க அந்த ஒரு கூடுதல் நிமிடம் போதுமானதாகத் தெரிகிறது.

இதே குழு 2014-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், கனவு நினைவு மிகுந்தவர்களுக்கு மூளையின் பொட்டுப்பகுதியும் உச்சிப்பகுதியும் சந்திக்கும் இடத்தில் இயக்கம் மிகுந்திருந்தது. வெளித்தூண்டலை நோக்கிக் கவனத்தைத் திருப்புவதில் பங்குள்ள பகுதி அது. அதற்குமுன் 1990-களில் மார்க் சோம்ஸ், அந்தப் பகுதியை ஒட்டி மூளைக்காயம் பட்டவர்கள் கனவு காண்பதே நின்றுவிட்டதாகச் சொல்வதைத் தொகுத்துக் காட்டியிருந்தார். ஆகவே கனவு நினைவில் ஒருவரின் மூளை அமைப்புக்குப் பங்கு உண்டு. எல்லாமே பழக்கத்தால் மாறிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மனப்பாங்குக்கும் பங்கு உண்டு. இத்தாலியின் லூக்கா நகர ஆய்வாளர்கள் 2020 முதல் 2024 வரை, 18 முதல் 70 வயது வரையிலான இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தலா 15 நாள் பின்தொடர்ந்தார்கள். காலையில் எழுந்ததும் கனவைக் குரல்பதிவு செய்யச் சொன்னார்கள். 2025-இல் வெளியான முடிவுகளின்படி, கனவுகளின் மீது ஆர்வமுள்ளவர்களுக்கும் பகலில் மனம் அலைபாயும் இயல்புள்ளவர்களுக்கும் நினைவு மிகுதி. ஆழ்தூக்கம் குறைவாகவும் மேலோட்டமான தூக்கம் அதிகமாகவும் இருந்த இரவுகளுக்குப் பின்னும் நினைவு கூடியது. ஏதோ கண்டோம் ஆனால் என்னவென்று தெரியவில்லை என்ற விடை, வயதில் மூத்தவர்களிடம் அடிக்கடி வந்தது.

வானிலை எண்ணை அழைத்தவர்கள்

இரவுப் பழக்கங்களைப் பற்றிப் பேசுமுன் ஒரு காலைச் சோதனையைப் பார்த்துவிட வேண்டும். 1973-இல் டேவிட் கோஹனும் கேரி வுல்ஃபும் பங்கேற்பாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் காலையில் விழித்ததும் அமைதியாகச் சற்று நேரம் படுத்திருந்து, பிறகு கனவை எழுத வேண்டும். மற்றப் பிரிவினர் விழித்ததும் வானிலைத் தகவல் தரும் தொலைபேசி எண்ணை அழைத்து, அன்றைய வெப்பநிலையைக் குறித்துக்கொண்ட பிறகே கனவை எழுத வேண்டும். சோதனையில் இருந்த வேறுபாடு இவ்வளவுதான். இரண்டாம் பிரிவில் கனவு நினைவு வெகுவாகச் சரிந்தது. கனவு கண்டேன், ஆனால் என்னவென்று தெரியவில்லை என்று எழுதியவர்கள் அங்கே பெருகினார்கள்.

வெப்பநிலையைக் கேட்பதில் அமுக்கப்பட்ட ஆசை எதுவும் இல்லை. தணிக்கை என்ற கருத்தை நாடாமலேயே, கவனச் சிதறல் ஒன்றினாலேயே கனவு அழியும் என்று இந்தச் சோதனை காட்டியது. மெழுகுவத்தியை ஏற்றுவதற்குள் கனவை இழந்த கால்கின்ஸின் அனுபவத்துக்குச் சோதனைச்சாலையில் கிடைத்த உறுதிப்பாடு என்றே இதைக் கொள்ளலாம். இன்று நாம் விழித்ததும் முதலில் தேடுவது கைபேசியை. நேரம், செய்தி, வாட்ஸ்அப் என்று பத்து விநாடிக்குள் பத்து விஷயங்கள் மனத்துக்குள் நுழைகின்றன. வானிலை எண்ணை அழைத்தவர்களின் நிலையில்தான் நம்மில் பெரும்பாலோர் நாள்தோறும் எழுகிறோம்.

இரவுப் பழக்கங்களை எடை போடுதல்

இந்தப் பின்னணியில், சொல்லப்படும் பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தூக்க நேரத்தை நீட்டுவதும் ஒழுங்குபடுத்துவதும் முதலில் வருபவை. கடைசி ரெம் கட்டம் முழுமையாக நடக்கவும், அதிலிருந்து இயல்பாக விழிக்கவும் இவை வாய்ப்பைத் தருகின்றன. விடுமுறை நாட்களில் அலாரமின்றி எழுபவர்களுக்குக் கனவு கூடுதலாக நினைவிருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

மது இதற்கு நேர்மாறு. தூக்கம் விரைவில் வந்தாலும் இரவின் முற்பகுதியில் ரெம் தூக்கத்தை அது ஒடுக்குகிறது. பிற்பகுதியில் மதுவின் வேகம் தணிந்ததும் ரெம் மீண்டெழுந்து, தூக்கம் துண்டாடப்பட்டு, சில நேரம் மிகத் தெளிவான, கலவரமூட்டும் கனவுகள் வரும். கனவு நினைவிருந்தாலும் அது நல்ல தூக்கத்தை விலையாகக் கொடுத்துப் பெற்றது. மனச்சோர்வுக்கான மருந்துகளில் பலவும் ரெம்மைக் குறைப்பவை. அவற்றை உட்கொள்பவர்களுக்குக் கனவு நினைவு குறையலாம். அதற்காக மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

உணவைப் பற்றிய நம்பிக்கைகள் ஏராளம். 2015-இல் வெளியான ஆய்வில் நீல்சனும் ரஸ்ஸல் பவலும் 396 கனடிய மாணவர்களிடம் கேட்டபோது, 17.8 சதவீதத்தினர் தாங்கள் உண்பது கனவைப் பாதிப்பதாக நம்பினார்கள். பெரும்பாலும் பாலுணவுகளைக் குறிப்பிட்டார்கள். உணவு நேரடியாகக் கனவை உண்டாக்குவதாகச் சான்றில்லை. வயிறு ஒத்துக்கொள்ளாததால் தூக்கம் கலைந்து, அதனால் கனவு நினைவில் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம்.

வைட்டமின் பி6 சோதனைக்கு உட்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பியும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 100 பேர் பங்கேற்றார்கள். ஐந்து நாள் படுக்குமுன் 240 மில்லிகிராம் பி6 எடுத்துக்கொண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் கனவின் உள்ளடக்கம் கூடுதலாக நினைவிருந்தது. கனவின் தெளிவோ விநோதமோ கூடவில்லை. இந்த அளவைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பி6 சுமார் 1.3 மில்லிகிராம்தான், வாழைப்பழம், கொண்டைக்கடலை, மீன் போன்றவற்றிலேயே அது கிடைத்துவிடும். மிகை அளவில் நீண்ட நாள் எடுத்தால் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பாதுகாப்பான உச்ச வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. ஆய்வில் தந்தது அதைப் போல் இருபது மடங்கு. ஐந்து நாள் சோதனையின் முடிவைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது அறிவுடைமை ஆகாது.

நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் நடுவில் எழ நேரிடும், அப்போது கனவைப் பிடிக்கலாம் என்ற உத்தியும் சொல்லப்படுகிறது. நள்ளிரவில் அலாரம் வைப்பதும் இதே வகை. லியோன் ஆய்வின்படி இவை வேலை செய்யக்கூடியவைதான். ஆனால் தூக்கத்தைத் துண்டாக்கி வாங்கும் கனவு அது. ஒரு சில நாள் சோதித்துப் பார்க்கலாமே தவிர, பழக்கமாக்கக் கூடாது.

எஞ்சுவது மன உறுதி: "நாளை காலை கனவை நினைத்துப் பார்ப்பேன்" என்று எண்ணிக்கொண்டு தூங்குவது. இதைத் தனியே பிரித்துச் சோதித்த ஆய்வுகள் குறைவு. பெரும்பாலும் நாட்குறிப்போடு சேர்த்தே ஆராயப்பட்டிருக்கிறது. ஆனாலும் இது செயல்படும் விதம் புரியக்கூடியதே. அந்த எண்ணம் கனவை மாற்றுவதில்லை. காலையில் கவனம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்கிறது. விழித்தவுடன் "இன்று என்ன வேலை?" என்ற கேள்வி வருவதற்கு முன் "இப்போது எங்கே இருந்தேன்?" என்ற கேள்வி வருகிறது. முந்திக்கொள்ளும் கேள்விக்கே விடை கிடைக்கும்.

நாட்குறிப்பு செய்வது என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த எர்வே த சான்-தெனி, 13 வயதில் கனவுகளை எழுதத் தொடங்கினார். 1,946 இரவுகளின் பதிவுகள் 22 நோட்டுகளை நிறைத்தன. எழுத எழுத, நினைவில்லாத இரவுகள் குறைந்துகொண்டே வந்ததாக 1867-இல் வெளியான நூலில் அவர் சொல்கிறார். ஜெர்மனியின் மான்ஹைமில் தூக்க ஆய்வு செய்யும் மிஷாயேல் ஷ்ரெடல் 1984 முதல் தம் கனவுகளை எழுதிவருபவர். நாட்குறிப்பு பற்றி அவரும் பிறரும் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு இது: ஏற்கனவே கனவு குறைவாக நினைவிருப்பவர்களுக்குத்தான் நாட்குறிப்பு கைகொடுக்கிறது. நிறைய நினைவிருப்பவர்களுக்கு எண்ணிக்கை கூடுவதில்லை, குறைவதும் உண்டு.

குறைவதற்குக் காரணம் சலிப்பு. மாண்ட்ரியல் ஆய்வாளர் அன்டோனியோ சாத்ராவும் சகாக்களும், முழுக் கதையாக எழுதச் சொன்னால், கனவு இருந்ததா என்று மட்டும் குறிக்கச் சொல்வதைவிடக் குறைவான கனவுகளே பதிவாவதையும், நாளாக ஆக அவை மேலும் குறைவதையும் கண்டார்கள். ஒரு பக்கம் எழுத வேண்டுமே என்ற மலைப்பில், நினைவில்லை என்று முடித்துக்கொள்வது எளிதாகிவிடுகிறது. கனவை மதிப்பவர்கள் தங்களுக்கு எவ்வளவு கனவு நினைவிருக்கிறது என்பதை மிகைப்படுத்தி மதிப்பிடுவதையும் அவர்களுடைய ஆய்வுகள் சுட்டின. ஆகவே "எழுதத் தொடங்கியபின் கூடிவிட்டது" என்பதில் ஒரு பகுதி உண்மையான ஏற்றம். ஒரு பகுதி, முன்பு கவனிக்காமல் விட்டதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. எழுதுபவருக்கு இரண்டுமே லாபம்தான். ஆய்வாளருக்குத்தான் இரண்டையும் பிரித்தறிய வேண்டிய கடமை.

எழுத்து மட்டுமே வழியும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியின் வாரணமாயிரம் பதிகத்தில் ஆண்டாள் தன் திருமணக் கனவைச் சொல்லும் பாட்டிலெல்லாம் தோழியை விளிக்கிறாள். கனவு கேட்க ஒருவர் இருப்பதும், அதை வரிசையாகச் சொல்ல வேண்டியிருப்பதும், நழுவும் காட்சிகளைச் சொற்களில் கட்டிவைக்கின்றன. சொல்லப்பட்ட கனவு விழிப்புலகின் நினைவாகிவிடுகிறது. அதன்பின் அது மற்ற நினைவுகளைப் போலவே நிலைக்கும். காலையில் வீட்டாரிடம் இரண்டு வாக்கியம் சொல்வதும், கைபேசியில் தாழ்ந்த குரலில் பதிவு செய்வதும் இதே பணியைச் செய்யும். கைபேசியில் பதிவு செய்வதானால், பதிவுச் செயலியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதபடி முந்தைய இரவே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும்

சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால் வழிமுறை எளிமையானது. போதிய நேரம் தூங்குங்கள். மதுவைத் தவிருங்கள். தலைமாட்டில் நோட்டும் பேனாவும் வைத்து, காலையில் முதல் வேலை கனவை நினைப்பது என்று முடிவு செய்துவிட்டுப் படுங்கள். விழித்ததும் புரளாமல், கண்ணைத் திறக்க அவசரப்படாமல் அப்படியே படுத்திருங்கள். கடைசியாக எஞ்சியிருக்கும் ஒரு காட்சியையோ முகத்தையோ உணர்ச்சியையோ பிடித்துக்கொண்டு, அதற்கு முன் என்ன என்று பின்னோக்கிப் போங்கள். கிடைத்ததைச் சில சொற்களில் குறியுங்கள். முழுக் கதையாக எழுத வேண்டிய கட்டாயமில்லை. எதுவும் கிடைக்காத நாளில், எழுந்தபோதிருந்த மனநிலையை மட்டும் எழுதினாலும் பழக்கம் அறுபடாமல் இருக்கும்.

இந்தப் பயிற்சி எல்லோருக்கும் உகந்ததல்ல. தூக்கமின்மையால் அவதிப்படுபவர் இரவு விழிப்புகளைக் கவனிக்கத் தொடங்கினால் தூக்கம் மேலும் கெடும். கொடுங்கனவுகளால் துன்புறுபவருக்குத் தேவை கூடுதல் நினைவல்ல, சிகிச்சை. கொடுங்கனவின் போக்கைப் பகலில் மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தை மனத்தில் ஒத்திகை பார்க்கும் சிகிச்சைமுறை ஒன்று உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் அது பலன் தந்ததை 2001-இல் பேரி கிராகோவின் குழு காட்டியது. தூக்கத்தில் கத்துவது, கையை ஓங்குவது, அருகில் படுத்தவரை அடிப்பது போன்றவை நடுவயதுக்குமேல் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்னரே இது அறிகுறியாகத் தோன்றக்கூடும்.

கனவு எதிர்காலத்தைச் சொல்கிறது என்றோ, ஒவ்வொரு கனவுக்கும் மறைபொருள் உண்டு என்றோ நம்பாதவருக்கும் கனவை நினைப்பதில் பயன் உண்டு. வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு தூக்கத்தில் கழிகிறது. அந்த நேரத்தில் நம் மனம் கவலைகளையும் மனிதர்களையும் இடங்களையும் எப்படிச் சேர்த்துப் பின்னுகிறது என்பதை அறிய நமக்கிருக்கும் ஒரே வழி, விழித்தபின் எஞ்சும் அந்தச் சிறு நினைவு. அதைக் காப்பாற்ற மாத்திரையோ கருவியோ சடங்கோ தேவையில்லை. உலகம் தன் செய்திகளோடு உள்ளே வருமுன், காலையின் முதல் இரண்டு நிமிடத்தை நமக்கென்று ஒதுக்கிக்கொண்டால் போதும். இரவில் செய்ய வேண்டியதெல்லாம், அந்த இரண்டு நிமிடத்துக்கான தீர்மானத்தோடு நன்றாகத் தூங்குவதுதான்.